கெய்ரோவில் சைவம் சாப்பிட என்ன கிடைக்கும்? தெருக்கடைகளில் எதை நம்பிச் சாப்பிடலாம்?

தஞ்சை மீனா கேட்டது:

வணக்கம். டிசம்பர் நடுவில் அம்மா, என் பையன், அண்ணன் குடும்பம் என்று எல்லோரும் சேர்ந்து எகிப்து போகிறோம். கெய்ரோ, லக்ஸர், அஸ்வான், முடிந்தால் ஒரு நாள் அலெக்சாண்டிரியா. சுற்றுலாக்காரர் போட்டுக்கொடுத்த திட்டத்தில் காலையும் இரவும் ஓட்டல் பஃபேதான். அந்த பஃபே எந்த ஊரில் போய்ச் சாப்பிட்டாலும் ஒன்றுதான்: பன், வெள்ளரிக்காய், தர்பூசணி. அந்த ஊர் ஜனங்கள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் நின்று எதைச் சாப்பிடுகிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

அம்மாவுக்கு 68 வயது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பால், தயிர், நெய் உண்டு. பையனுக்குப் பதினொரு வயது, எதைக் கொடுத்தாலும் ருசி பார்ப்பான். அம்மாவுக்கு வயிறு கொஞ்சம் பலவீனம் என்பதால் தெருக்கடை என்றாலே பயப்படுகிறார். "ஒட்டகக்கறி ஊரில் எனக்கு என்னடி கிடைக்கப் போகிறது, அவல் எடுத்து வை" என்கிறார்.

அங்கே இருந்தவர்கள், போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எதைச் சாப்பிடலாம், எப்படிக் கேட்டு வாங்குவது, எதில் கறிச்சாறு கலந்திருக்கும், எதைத் தவிர்க்க வேண்டும்? கடைப் பெயர்ப் பட்டியலைவிட, சாப்பாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டால் நானே தேடிக்கொள்வேன்.


ஸ்ரீரங்கம் ரகு:

நாங்கள் போன வருடம் போய் வந்தோம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தேப்லா எல்லாம் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரபலம் என்று சொன்னார்களே என்று ஓட்டலில் கோஷரி வாங்கினோம். சோறு, மக்ரோனி, பருப்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி மேலே கொஞ்சம் தக்காளிச்சாறு. தொண்டையில் இறங்கவில்லை. கரும்புச்சாறு மட்டும் நன்றாக இருந்தது.


காயல்கரை:

மீனா அக்கா, பொடியெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் அம்மா எகிப்தில் பட்டினி கிடக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

நான் கெய்ரோவில் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்தவன். முதலில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலை ஒட்டிய தர்ராஸாவில் இருந்தேன், அப்புறம் நஸ்ர் சிட்டியின் ஏழாம் வட்டாரத்தில் மற்ற மாணவர்களோடு அறை எடுத்துத் தங்கினேன். வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிற பகுதி அது. கையில் காசு கம்மி. கறி என்பது எப்போதாவது. மற்ற நாளெல்லாம் எங்களை வளர்த்தது பயறும் பருப்பும் ரொட்டியும்தான். எங்களை மட்டும் இல்லை, கொத்தனார், பஸ் ஓட்டுநர், அலுவலக குமாஸ்தா என்று அந்த ஊரில் பாதிப் பேர் காலையில் சாப்பிடுவதும் அதேதான். பிரமிடு பார்க்க வருகிறவர்களுக்கு கபாப் கடையைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் எகிப்து என்றால் கறிச்சாப்பாடு என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடு சைவம்.

அம்மாவுக்கு ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து கொடுங்கள்: ஸியாமி. எகிப்தில் கோப்திக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் வருடத்தில் 200 நாளுக்கு மேல் நோன்பு இருப்பார்கள். அந்த நாட்களில் கறி, முட்டை, பால், நெய் எதையும் தொட மாட்டார்கள். அந்த நோன்புச் சாப்பாட்டுக்குத்தான் ஸியாமி என்று பெயர். முஸ்லிம் கடைக்காரருக்கும் இது தெரியும், கேட்டவுடன் புரிந்துகொள்வார். நீங்கள் போகிற நேரமும் நல்ல நேரம். அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கான நோன்பு நவம்பர் 25-ல் தொடங்கி ஜனவரி 6 வரை நடக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தக் குறிப்பிட்ட நோன்பில் மீனுக்குப் பெரும்பாலான நாட்களில் அனுமதி உண்டு. ஆகவே ஸியாமி என்று எழுதிய பட்டியலிலேயே இறாலும் மீனும் வந்து நிற்கும். "ஸியாமி, மின் கேர் ஸமக்" என்று சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். மீன் வேண்டாம் என்று அர்த்தம். கறி வேண்டாம் என்பதற்கு "மின் கேர் லஹ்மா", கோழி வேண்டாம் என்பதற்கு "மின் கேர் ஃபிராக்". எல்லாவற்றையும்விட முக்கியம் "மின் கேர் மரஅ", அதாவது கறி வேகவைத்த சாறு வேண்டாம். கறி கண்ணுக்குத் தெரியும், சாறு தெரியாது. பருப்பு சூப்பில், அரிசி அடைத்து வேகவைக்கிற காயான மஹ்ஷியில், சோற்றில் எல்லாம் அது ஒளிந்திருக்கும்.

சரி, காலைச் சாப்பாட்டுக்கு வருவோம். ஃபூல். ஃபாவா என்கிற காய்ந்த பயறு, மொச்சைக்குத் தூரத்து உறவு. இதைக் கழுவி ஊறவைத்து, 'இத்ரா' என்கிற பெரிய வயிறும் குறுகிய கழுத்தும் உள்ள உலோகப் பானையில் போட்டு, கொஞ்சம் மைசூர் பருப்பும் சேர்த்து, மிகச் சின்னத் தீயில் இரவு முழுக்க விடுவார்கள். வாய் குறுகலாக இருப்பதால் ஆவி அதிகம் வெளியே போகாது. விடியும்போது பயறு உடையாமல் முழுதாக இருக்கும், நாக்கில் வைத்தால் வெண்ணெயாக இறங்கும். பழைய காலத்தில் பொதுக் குளியல் கூடங்களில் வெந்நீர் காய்ச்சும் அடுப்பின் சாம்பல் சூட்டிலேயே இந்தப் பானைகளை இரவில் இறக்கி வைப்பார்களாம். இப்போது வாயு அடுப்புதான். நைல் நதிக்கரையின் பயறு என்று பெருமையாகச் சொன்னாலும், இன்றைக்கு எகிப்து தின்கிற ஃபாவாவில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

தள்ளுவண்டி ஒவ்வொரு வட்டாரத்திலும் நிற்கும். வண்டிக்குள் பானை சாய்ந்து உட்கார்ந்திருக்கும். நீளக்காம்புக் கரண்டியை அந்தக் கழுத்துக்குள் விட்டு அள்ளி, தகரத் தட்டில் போட்டு, கரண்டி முதுகால் லேசாக மசித்து, எண்ணெய், எலுமிச்சை, சீரகத்தூள், உப்பு. எண்ணெயில் இரண்டு வகை உண்டு. சாதாரண எண்ணெய் ஒன்று, ஆளி விதையில் ஆட்டிய 'ஸேத் ஹார்' இன்னொன்று. இரண்டாவதைக் கேளுங்கள். லேசான கசப்பும் காரமுமாக இருக்கும், அது இல்லாமல் எனக்கு ஃபூல் ஃபூலாகவே தோன்றாது. எள் விழுது சேர்த்தது வேண்டுமென்றால் "பித் தஹினா". கூடவே ரொட்டி, பச்சை வெங்காயம், ஊறுகாய். அம்மா சுத்த சைவம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வண்டியில் கறியே கிடையாது. ஆனால் காலையிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பானையின் அடி தெரிய ஆரம்பித்துவிடும். ரமளான் மாதத்தில் மட்டும் இதே வண்டி நடுநிசிக்கு மேல் களைகட்டும். நோன்பு தொடங்குமுன் விடியலில் சாப்பிடுகிற ஸஹருக்கு ஃபூல் சாப்பிட்டால் மாலைவரை பசி தாங்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்தது தாமியா. மற்ற அரபு நாடுகளில் ஃபலாஃபெல் என்று கொண்டைக்கடலையில் செய்வதை எகிப்தில் தோல் நீக்கிய ஃபாவாவில் செய்வார்கள். ஊறவைத்ததைப் பச்சையாகவே அரைத்து எண்ணெயில் போடுகிற விஷயம்தான், நம் மசால்வடை போலத்தான். ஆனால் அரைக்கும்போது கொத்தமல்லித்தழை, பார்ஸ்லி, சோயிக்கீரை, 'குர்ராத்' என்கிற பூண்டுத்தாள் வகை எல்லாம் கட்டுக்கட்டாகப் போகும். பிட்டுப் பார்த்தால் உள்ளே கிளிப்பச்சை. மேலே எள்ளும் உடைத்த மல்லி விதையும் ஒட்டியிருக்கும். பச்சை நிறம் மங்கி, பழுப்பாக இருந்தால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள், கீரையில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். சட்டியிலிருந்து எடுத்தவுடன் ரொட்டிக்குள் வைத்து, பொரித்த கத்தரிக்காய் இரண்டு துண்டு, தஹினா, ஜர்ஜீர் என்கிற காரமான கீரை இலை வைத்துச் சுருட்டித் தருவார்கள். நாங்கள் வகுப்புக்கு நடந்துகொண்டே தின்றது இதைத்தான். அம்மாவுக்காக ஒன்று கவனியுங்கள். சில கடைகளில் அதே சட்டியில் முட்டை பொரிப்பார்கள். முட்டை இல்லாத சட்டியா என்று பார்த்து வாங்குங்கள்.

ரொட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். தவிடு முழுதும் நீக்காத கோதுமையில், கடும் சூட்டில் நொடியில் உப்பி வெளியே வருகிற 'ஐஷ் பலதி'. ஒருவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டு, தலையில் கட்டில் அகலத்துக்கு ஒரு தட்டியில் நூற்றுக்கணக்கான ரொட்டியை ஏந்திக்கொண்டு, கெய்ரோ போக்குவரத்துக்குள் புகுந்து போவதைப் பார்ப்பீர்கள். ரேஷன் அட்டைக்காரருக்கு அரசு மானிய விலையில் தருகிற ரொட்டி பல பத்தாண்டுகளாக 5 பியாஸ்தராகவே இருந்தது (நூறு பியாஸ்தர் ஒரு எகிப்து பவுண்டு). 2024 ஜூனில்தான் 20 ஆக்கினார்கள். 1977 ஜனவரியில் மானியத்தை வெட்டப் போவதாக அறிவித்தபோது நாடே தெருவில் இறங்கி, அப்போதைய அதிபர் சதாத்தின் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அந்தப் பயம் இன்னும் ஆட்சியாளர்களுக்கு இருக்கிறது. எங்கள் அறைக்குக் கீழே இருந்த ரொட்டிக் கடையில் காலை வரிசை நின்றால், சூடான ரொட்டியை முதலில் நடைபாதையில், சுவரோரத்தில், கார் மேல் என்று கிடைத்த இடத்தில் பரப்பி ஆறவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அடுக்கினால் வியர்த்து நசுங்கிவிடும்.

ரகு அண்ணா, கோஷரியை ஓட்டலில் சாப்பிட்டது கோஷரியே இல்லை. கோஷரிக்கென்றே கடை இருக்கிறது, பெரும்பாலும் வேறெதுவும் விற்க மாட்டார்கள். ஷாம்போலியோன் தெருவில் அபூ தாரிக் என்ற கடை 1950-ல் தள்ளுவண்டியாகத் தொடங்கியது, இப்போது பல மாடி. அங்கே போக முடியாவிட்டாலும் கூட்டமாக இருக்கும் எந்தக் கோஷரிக் கடையும் சரிதான். உள்ளே நுழையும்போதே கரண்டி கிண்ணத்தில் தட்டுகிற சத்தம் கேட்கும். பருப்புச் சோறு ஒரு கரண்டி, மக்ரோனி ஒரு கரண்டி, மேலே கொண்டைக்கடலை, தக்காளிச்சாறு, கருகும் நிலைக்கு ஒரு நூலிழை முன்னால் இறக்கிய வெங்காயம். இதை அப்படியே தின்றால் வறட்சியாகத்தான் இருக்கும். மேசையில் இரண்டு குப்பி வைத்திருப்பார்கள். மங்கலான வெளிர் நிறத்தில் இருப்பது 'தஅஆ': வினிகர், பூண்டு, சீரகம், எலுமிச்சை. சிவப்பாக இருப்பது 'ஷத்தா', அது காரம். முதலாவதைத் தயங்காமல் ஊற்றுங்கள், தட்டின் அடியில் தேங்கும் அளவுக்கு. இரண்டாவதைச் சொட்டுச் சொட்டாக. அப்புறம் அடியிலிருந்து மேல்வரை கிளறிச் சாப்பிட்டால்தான் அந்த உணவு என்ன என்று தெரியும். புளிப்பு வந்து மாவுப்பண்டத்தின் கனத்தை அறுத்துவிடும்.

நம் ஊர்க் கிச்சடி வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு எகிப்துக்குப் போனது, அங்கே குடியேறிய இத்தாலியர்களின் மக்ரோனியோடு கலந்தது என்றுதான் பலரும் அதன் கதையைச் சொல்வார்கள். 2025 டிசம்பரில் டெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் கோஷரியை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் தீபாவளியும் அதே கூட்டத்தில்தான் சேர்ந்தது. அரசர்கள் தின்றது எதுவும் இல்லாமல், கூலிக்காரர் மதியம் தின்கிற ஒரு தட்டுக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

டிசம்பர் குளிர் என்பதால் மாலையில் நடக்கும்போது வேறு சிலவும் கிடைக்கும். தகர அடுப்பு வைத்த வண்டியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 'ஹலபெஸ்ஸா' என்று கொண்டைக்கடலையை எலுமிச்சை, மிளகாய், சீரகத்தோடு கொதிக்கவைத்து டம்ளரில் தருவார்கள், முதலில் காரமான சாற்றைக் குடித்துவிட்டுக் கடலையைக் கரண்டியால் எடுத்துத் தின்ன வேண்டும். தொண்டை கரகரப்புக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. 'ஸஹ்லப்' பாலில் செய்த கெட்டியான சூடான பானம், மேலே தேங்காய்த்துருவல், கடலை, பட்டைத்தூள். அம்மாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும். பருப்பு சூப்பும் நன்றாக இருக்கும், ஆனால் முன்னே சொன்ன மரஅ கேள்வியைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

லக்ஸர் பக்கம் போனால் 'ஐஷ் ஷம்ஸி' கேளுங்கள். மாவை வெயிலில் வைத்துப் பொங்கவிட்டுச் சுடுகிற தடித்த ரொட்டி, கெய்ரோவில் அதைப் பார்ப்பது அபூர்வம். தேநீரும் அங்கே வேறு, கொதிக்கக் கொதிக்கக் கறுப்பாகக் காய்ச்சுவார்கள். அஸ்வானில் செம்பருத்தி வகைப் புளிச்சப்பூவில் செய்கிற கர்கதே. சூடாகவும் தருவார்கள், குளிரவைத்தும் தருவார்கள்.

வயிறு பத்திரமாக இருக்க: கொதிப்பதையும் பொரிவதையும் தயங்காமல் வாங்கலாம். ஃபூலோடு வைக்கிற பச்சை இலை, வெட்டிய தக்காளி இதையெல்லாம் அம்மா தொட வேண்டாம். தண்ணீர் குப்பியில் அடைத்தது மட்டும். கரும்புச்சாறு கடையில் டம்ளரை வாளித் தண்ணீரில் முக்கித்தான் எடுப்பார்கள், ஆகவே ஒரு டம்ளரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வேண்டாம். சில்லறை நோட்டு எப்போதும் கையில் இருக்கட்டும்.


செவிலி லதா, திருச்சி:

காயல்கரை சொன்னதெல்லாம் படிக்கும்போதே பசிக்கிறது. ஒரு மருத்துவ விஷயம் மட்டும் சேர்க்கிறேன். குடும்பத்தில் யாருக்காவது ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா? இருந்தால் ஃபூல், தாமியா இரண்டையும் அவர்கள் வாயில் வைக்கக் கூடாது. ஃபாவா பயறு அவர்களுக்குச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சாப்பிட்ட ஓரிரு நாளில் முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்பழுப்பாகப் போகும். அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரிதான். வேகவைத்தாலும் பொரித்தாலும் ஆபத்து போகாது. ஆண் பிள்ளைகளிடம்தான் இந்தக் குறைபாடு அதிகம் தெரியவரும், பரம்பரையாக வருவது. இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். நம் ஊரில் ஃபாவா சாப்பிடும் பழக்கம் குறைவு என்பதால் பலருக்கு இது இருப்பதே தெரியாது.


தஞ்சை மீனா:

லதா அக்கா, உங்கள் காலைத் தொட்டு வணங்க வேண்டும். என் அண்ணன் மகனுக்கு அது இருக்கிறது! பிறந்தபோது மஞ்சள் காமாலை வந்து கண்டுபிடித்தார்கள், பாச்சை உருண்டை வீட்டில் வைக்கக் கூடாது, சில மாத்திரைகள் கூடாது என்று ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பயறு பற்றியும் அதில் எழுதியிருக்கிறதாம், அண்ணி இப்போதுதான் எடுத்துப் பார்த்துச் சொன்னார். ஃபூல் ஃபாவாதான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

காயல்கரை தம்பி, அம்மாவுக்கு உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். ஸியாமி, ஸியாமி என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போகிறார். இன்னும் இரண்டு கேள்வி. அண்ணன் மகன் என்ன சாப்பிடலாம்? அப்புறம், கோஷரியை இங்கே ஒரு முறை செய்து அம்மாவுக்கு வாய் பழக்கிவிடலாமா? செய்முறை சொல்ல முடியுமா?


அலைவாய்:

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தபோது அலெக்சாண்டிரியாவில் குடியிருந்தோம். மீனா, ஒரு நாளாவது கட்டாயம் போங்கள். அங்கே ஃபூலே வேறு மாதிரி. தக்காளி, வெங்காயம், பூண்டு, தஹினா எல்லாம் சேர்த்து மசித்துத் தருவார்கள். ரமல் நிலையம் பக்கத்தில் முஹம்மத் அஹ்மத் என்று ஒரு பழைய ஃபூல் கடை இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம், அம்மாவுக்குச் சௌகரியம்.

உங்கள் பையனுக்கு ஈரல் பிடிக்குமா? பச்சைமிளகாய், பூண்டு, சீரகத்தோடு இரும்புத் தட்டில் வதக்கி நீள பன்னில் வைத்துத் தருவது அந்த ஊர்ப் பெருமை. உங்களில் மீன் சாப்பிடுகிறவர்கள் இருந்தால், அன்ஃபூஷி பக்கம் போய் நீங்களே மீனைப் பொறுக்கிக் கொடுத்தால் கோதுமைத் தவிட்டில் புரட்டிச் சுட்டுத் தருவார்கள். தவிடு கருகி ஓடாகிவிடும், அதை உடைத்து எடுத்தால் உள்ளே மீன் காயாமல் சாறோடு இருக்கும். கூடக் கருக வறுத்த வெங்காயத்தில் வேகவைத்த பழுப்புச் சோறு.

மொலொகியா பற்றி யாரும் பேசவில்லையே! சணல் செடியின் கீரை. இரண்டு கைப்பிடி வைத்த பிறைக் கத்தியை முன்னும் பின்னும் ஆட்டிப் பொடிப்பொடியாக அரிந்து, கோழி அல்லது முயல் வேகவைத்த சாற்றில் போடுவார்கள். வெண்டைக்காய்க் குழகுழப்பு வரும். கடைசியில் பூண்டையும் மல்லித்தூளையும் நெய்யில் சிவக்கவிட்டு அதில் கொட்டுவார்கள். கொட்டும்போது சமைக்கிறவள் ஹா என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், இல்லையென்றால் ருசி வராது என்பது அங்குள்ள பெண்களின் நம்பிக்கை. எதிர்வீட்டு அம்மா என்னை அடுப்படியில் நிற்கவைத்து, நான் மூச்சை இழுத்த பிறகுதான் சட்டியைக் கவிழ்த்தார். ஆயிரம் வருடத்துக்கு முன் ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாகிம் இந்தக் கீரையைத் தடை செய்திருக்கிறார். தடை போனது, கீரை இருக்கிறது. சாறு இல்லாமல் வெறும் தண்ணீரில் செய்தது கிடைத்தால் அம்மாவுக்குக் கொடுங்கள், கடையில் கிடைப்பது கஷ்டம். டிசம்பரில் பச்சைக் கீரை அதிகம் வராது, உறையவைத்ததுதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஃபெஸீக் என்று உப்பில் ஊறி நொதித்த மடவை மீனை யாராவது நீட்டினால் பையனை விட்டு விலக்குங்கள். வசந்தத்தில் ஷம்முன் நஸீம் பண்டிகைக்கு அதை ஆசையாகத் தின்பார்கள், சரியாகப் பதப்படுத்தாவிட்டால் விஷமாகிவிடும் என்று சுகாதார அமைச்சகமே வருடா வருடம் எச்சரிக்கும்.


காயல்கரை:

அலைவாய் அக்கா, அந்த மூச்சு இழுப்பைப் படித்ததும் சிரித்துவிட்டேன். என் அறைத்தோழனின் உம்மாவும் அதே பிடிவாதம்தான்.

மீனா அக்கா, லதா அக்கா சொன்னது மிக முக்கியம். அண்ணன் மகனுக்கு ஃபூல், தாமியா கூடாது. பெஸாரா என்று பச்சையாக ஒரு கூழ் தருவார்கள், அதுவும் ஃபாவாதான், அதையும் தொடக் கூடாது. ஓட்டல் காலை பஃபேயிலும் ஃபூல் பானை கட்டாயம் இருக்கும், பையன் தானே அள்ளிவிடாமல் அண்ணியிடம் சொல்லிவையுங்கள். தாமியா பொரித்த எண்ணெயில் பொரித்த உருளையும் கத்தரிக்காயும்கூட அவனுக்கு வேண்டாம். கோஷரியில் இருப்பது மைசூர் பருப்பும் கொண்டைக்கடலையும்தான், ஃபாவா கிடையாது, ஆகவே அவன் வயிறாரச் சாப்பிடலாம். ஃபித்தீரும் உண்டு. மாவைக் காற்றில் வீசி வீசி விரித்து, நெய் தடவி மடித்து அடுக்கடுக்காகச் சுடுவது. தேனோடு கேட்டால் உங்கள் அம்மாவுக்கும் ஆகும், நெய் உண்டு என்றீர்களே. இனிப்பில் அரிசிப்பாயசம் 'ருஸ் பி லபன்' நம்பி வாங்கலாம். பஸ்பூஸா ரவையில் செய்வது, பெரும்பாலும் முட்டை சேராது, இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

இப்போது கோஷரி. நாலு பேருக்கு.

பெரிய வெங்காயம் நாலைந்தைக் காகிதமாகச் சீவி, உப்புப் பிசறி, பத்து நிமிடம் கழித்துப் பிழிந்து, கொஞ்சம் மைதா தூவி நிறைய எண்ணெயில் பொரியுங்கள். நல்ல அடர்பழுப்பு வரவேண்டும், பொன்னிறத்தில் எடுத்தால் போதாது. வெங்காயத்தை வடித்துத் தனியே வையுங்கள். அந்த எண்ணெயை எக்காரணம் கொண்டும் கொட்டிவிடாதீர்கள், கோஷரியின் உயிர் அதில்தான். இனி எதைத் தாளித்தாலும் அந்த எண்ணெயில்தான்.

தோலோடு இருக்கிற முழு மைசூர் பருப்பு ஒரு கப், முக்கால் பதம் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். வேறு பாத்திரத்தில் வெங்காய எண்ணெய் விட்டு ஒரு பிடி சேமியாவை நன்றாகச் சிவக்க வறுத்து, ஒரு கப் பச்சரிசி, பருப்பு, உப்பு, பருப்பு வெந்த தண்ணீர் எல்லாம் சேர்த்து உதிரியாக வரும்படி வேகவிடுங்கள். சின்ன வளைவு மக்ரோனி ஒரு கப் தனியாக. கொண்டைக்கடலை இரவே ஊறவைத்து வேகவைத்தது.

தக்காளிச்சாறுக்கு ஏழெட்டுப் பழுத்த தக்காளியை அரைத்து வடிகட்டுங்கள். வெங்காய எண்ணெயில் பூண்டை வதக்கி, அரைத்ததை ஊற்றி, சீரகத்தூள், மல்லித்தூள், உப்பு போட்டு எண்ணெய் பிரியும் வரை கொதிக்கவிட்டு, இறக்குமுன் இரண்டு கரண்டி வினிகர். கரம் மசாலா, கறிவேப்பிலை எதுவும் போடாதீர்கள், கை பரபரக்கும், போடாதீர்கள்.

தஅஆவுக்கு ஏழெட்டுப் பல் பூண்டை உப்போடு நசுக்கி, ஒரு கரண்டி சீரகத்தூள், அரைக் கரண்டி மல்லித்தூள், கால் கப் வினிகர், அரைக் கப் தண்ணீர், ஒரு எலுமிச்சை பிழிந்து கலக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். ஷத்தாவுக்குச் சூடான எண்ணெயில் மிளகாய்த்தூளைப் போட்டு உடனே இரண்டு கரண்டி தக்காளிச்சாறு விட்டுக் கலக்கினால் போதும்.

எல்லாம் சூடாக இருக்கும்போதே தட்டில் அடுக்குங்கள், வெங்காயம் கடைசியில்தான் விழவேண்டும், முன்னாலேயே போட்டால் மொறுமொறுப்பு போய்விடும். ரகு அண்ணா, நீங்களும் ஒரு முறை இப்படிச் செய்து பாருங்கள். தஅஆவை மட்டும் குறைக்காதீர்கள்.